மூன்று விரல்

லவால்
2023 ஒக்டோபர் 16

யோசெப்பினுக்கு,

நீர் அனுப்பிய அழைப்பிதழ் கிடைத்தது. நேற்று நிருஷாவையும் கூட்டிக்கொண்டு போய் உம்முடைய கண்காட்சியைப் பார்த்தேன். நீர் அங்கே நிற்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

தொலைபேசியில் கதைத்திருக்கலாம். கதைத்தால் நீர் அழுவீர். செத்துப்போன என் புருஷனுடைய தங்கச்சி அழுகிறாளே என்று நான் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீரும் எழுத்திலேயே பதில் தாரும்.

அந்தக் கட்டடத்துக்குள் நான் கடைசியாகப் போனது இருபத்தைந்து வருசத்துக்கு முன்னர். அப்போது அது தையல் தொழிற்சாலை. இப்போது படங்கள் மாட்டியிருக்கிற அதே நீளச் சுவரோரம் இருந்துதான் காற்சட்டைகளுக்குச் சிப் தைத்தேன். அந்தச் சுவரில் என் அன்டன் ஒன்பது தரம் கட்டிலில் படுத்திருக்கிறார். தொண்டையில் துளை, துருத்திய கழுத்தெலும்பு, நான் மாற்றிப் போட்ட தலையணை உறை. வெறும் கரியால் ஒரு மனிசரை இப்படிக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு படங்களுக்கு முன்னால் நின்று அழுதேன். அதை மறைக்கவில்லை.

பக்கத்தில் என் வயதில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. நிருஷாவிடம் ஏதோ சொன்னா. என்னவாம் என்று கேட்டேன்.

"அம்மா, அப்பா சாகிற நேரத்திலையும் எல்லாரையும் ஆசீர்வதிக்கிறாராம். தன்ர தகப்பன்ர நினைப்பு வந்திட்டுதாம் அவாவுக்கு."

நான் அந்தப் பெண்ணுக்கு "மெர்சி" சொன்னேன். வாசலிலும் பெரிய எழுத்தில் அதையே பெயராகப் போட்டிருந்தீர், "ஆசீர்" என்று.

திரும்பி வரும்போது, மெத்ரோ ஆற்றுக்கடியால் போய்க்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு விளங்கியது. விளங்கியதும் கையில் இருந்த பையைக் கீழே விட்டுவிட்டேன். நிருஷா பயந்துபோனாள்.

தாதி றெஜினா எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் வைத்துச் சொல்லித்தந்தது உமக்கு மறந்திருக்காது. அன்டனுக்கு இனிக் கதைக்க ஏலாது. ஒரு விரல் தூக்கினால் வாயை நனைக்கவேண்டும். இரண்டு என்றால் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். மூன்று என்றால் நோகுது, ஊசி போடு.

ஒன்பது படத்திலும் அவருடைய வலது கையில் மூன்று விரல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே நாளும் நேரமும் பென்சிலால் குறித்திருக்கிறீர். போன வருசம் யூன் 21. நான் சந்தைக்குப் போன நாள். முதலாவது 2.10. கடைசி 3.00.

ஊசியை எத்தனை மணிக்குப் போட்டீர்?

அக்னெஸ்

*

மொன்றியல்
ஒக்டோபர் 29

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். துக்கத்தில் இருக்கிறவர் எழுதியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வாசித்து முடித்தேன்.

படத்துக்குக் கீழே குறிக்கும் நேரம் பொலிஸ் அறிக்கை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நினைவுக்காகப் போட்டது. ஒரு படத்தில் நின்ற கையை அடுத்த படத்திலும் வைப்பேன், படத்தின் கோடுகள் இசைய அது தேவைப்படும். அண்ணையின் கை ஐம்பது நிமிடமும் தூக்கியபடியே இருந்தது என்று நீங்கள் நினைப்பது, படம் பார்க்கப் பழகாதவர்கள் எல்லாரும் விடும் பிழை. உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டு வரவேற்பறையில் நான் கண்டதெல்லாம் பலசரக்குக் கடைக் கலண்டர்தான். நான் தந்த இரண்டு படங்களும் பேஸ்மென்டில் சலவை மெசினுக்குப் பின்னால் கிடந்தன.

படம் கீறச் சொன்னதே அண்ணைதான். வாய் திறக்க முடியாவிட்டாலும் என் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். சின்னனிலிருந்து எனக்காக அசையாமல் இருந்த ஒரே மனிசர் அவர். நான் கீறுவது ஒரு வேலை என்று எங்கள் சனத்தில் நம்பியதும் அவர் ஒருவர்தான். பாடசாலைகளில் நிலம் துடைத்துக்கொண்டு முப்பது வருசம் கீறியிருக்கிறேன். அதில் ஒரு படத்தையாவது நீங்கள் நின்று பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் மணிக்கூடு பார்ப்பதுபோல.

நேரத்தை நீங்களே தொடங்கியபடியால் நானும் கேட்கிறேன். "ஜான்-டலோன் சந்தைக்குப் போட்டு ஒரு மணித்தியாலத்திலை வாறன்" என்றீர்கள். ஒரு மணிக்குப் போனவர் நாலரைக்கு வந்தீர்கள், ஒரு கட்டுக் கீரையோடு. அன்று நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு அருங்காட்சியகம் இந்த ஒன்பது படங்களையும் தன் நிரந்தரச் சேகரிப்பில் வைக்க விரும்புகிறது. நாங்கள் எல்லாரும் செத்த பிறகும் அண்ணையின் முகம் அங்கே இருக்கும். உங்களுக்குச் சந்தோசமாக அதை எழுதலாம் என்றிருந்தேன்.

யோசெப்பின்

*

லவால்
நவம்பர் 5

யோசெப்பின்,

ஓம், நாலரைக்குத்தான் வந்தேன். எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன்.

சந்தையில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்தேன். ஒரு கூடை ஸ்ட்ரோபெரி வாங்கி, கழுவாமல், முழுவதையும் தனியே தின்றேன். ஒன்பது மாசத்தில் முதல் தடவையாகச் சளி உறிஞ்சும் மெசினின் சத்தம் கேட்காத இடத்தில் இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை. திரும்பிப் போகும்போது அவர் செத்திருந்தால் நல்லது என்றும் ஒருதரம் நினைத்தேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். அன்டனிடமும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

என்னுடையது அவ்வளவுதான். இனி உம்முடையதைச் சொல்லும்.

மருந்துக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். றெஜினா கோடு போட்டுத் தந்தபடி, அவர் கேட்ட நேரம் ஒரு நிரலில், ஊசி போட்ட நேரம் மற்ற நிரலில். எங்கே பார்த்தாலும் இரண்டுக்கும் இடையில் மூன்று நிமிடம், நாலு நிமிடம். ஒருநாள் ஏழு நிமிடம் பிந்தியதற்கு நான் பக்கத்தில் காரணம்கூட எழுதியிருக்கிறேன். குளித்துக்கொண்டிருந்தேன் என்று.

யூன் 21 இல் இருப்பது உம்முடைய கையெழுத்து. ஊசி போட்டது 3.04. கேட்ட நேரம் எழுதுகிற இடத்தில் ஒன்றும் இல்லை.

அதை நிரப்பி அனுப்பும்.

அக்னெஸ்

*

மொன்றியல்
நவம்பர் 26

மச்சாள்,

2.05.

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அவருடைய முழங்கையைக் கீறிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினார். மூன்று விரல். ஊசியை எடுக்க நான் எழும்பியது உண்மை. எழும்பும்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நோ ஏறும்போது அந்த முகத்தில் ஒன்றும் வீணாக இருக்கவில்லை. கன்னத்துத் தசை எலும்பைப் பிடித்துக்கொண்டது. நெற்றி, இமை, உதட்டோரம் எல்லாம் ஒரே திசைக்கு இழுபட்டன. முப்பது வருசமாக நான் கீறிய முகங்களில் இல்லாதது எது என்று அப்போது கண்டேன். ஊசி போட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் தளர்ந்துவிடும், முகம் பஞ்சுபோல ஆகிவிடும். முந்தைய நாட்களில் பார்த்திருக்கிறேன்.

"கொஞ்சம் பொறு அண்ணை, இதொண்டு மட்டும்" என்றேன். திரும்பவும் கதிரையில் இருந்தேன்.

அவர் பொறுத்தார். சின்னனில் பொறுத்த மாதிரியே பொறுத்தார். முதல் படம் சரிவரவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவது அதைவிட நன்றாக வந்தது. நாலாவதோடு கை விழுந்துவிட்டது.

அடுத்ததை எழுதக்கூடாது என்று மூன்று கிழமை இருந்தேன். எழுதாவிட்டால் நிரல் நிரம்பாது என்று நீங்கள் சொல்வீர்கள்.

"அண்ணை, கையை ஒருக்காத் தூக்கு" என்றேன். ஊசி போடத்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்தார். அவசரமாகத் தூக்கினார். நான் கரித்துண்டை எடுத்தேன். ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு தடவையும் அப்படிக் கேட்டுத்தான் தூக்கவைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் நம்பினார். ஒன்பதாவதில் நான் கேட்கவில்லை. அவராகவே தூக்கி வைத்திருந்தார்.

செய்தது பிழை. அன்றைக்கே எனக்கு அது தெரியும். படங்கள் நல்லவை, அதுவும் அன்றைக்கே தெரியும். செய்த பிழை என்றைக்காவது படத்துக்குள்ளும் இறங்கி அதைக் கெடுத்துவிடும் என்று காத்திருந்தேன். ஒன்றரை வருசமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கெடவில்லை. கண்காட்சிக் கூடத்தை நடத்துகிற பெண் முதல்முதல் பார்த்துவிட்டு, "இவர் ஆசீர்வதிக்கிறாரா?" என்று கேட்டா. நான் தலையாட்டினேன். பெயர் அப்படித்தான் வந்தது.

கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றினால் அண்ணை பட்டதெல்லாம் வீணாய்ப் போகும்.

யோசெப்பின்

*

லவால்
டிசம்பர் 3

யோசெப்பின்,

உம்முடைய கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசித்தேன். வாசித்து முடித்ததும் இருக்கமுடியவில்லை, அவருடைய கட்டில் இருந்த அறைக்குள் போய் நின்றேன். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"அவசரமாகத் தூக்கினார்" என்று எழுதியிருக்கிறீர். அந்தக் கையை உயர்த்த அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் பட்டது வீணாய்ப் போகுமாம். தான் படும் நோவால் உமக்குப் பிரயோசனம் வரவேண்டும் என்று அவர் எங்கே கேட்டார்? அவர் கேட்டது ஊசி.

நான் கழற்றச் சொல்லவில்லை. கழற்றினால் நீர் வீட்டில் வைத்து வடிவு பார்ப்பீர். தொங்கட்டும். "ஆசீர்" என்ற பெயரை மட்டும் எடும். அதற்குப் பதிலாகப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் இதை எழுதிப் போடும்: "என் அண்ணன் மருந்து கேட்கிறான். மருந்து என் பக்கத்தில் இருந்தது. நான் கொடுக்காமல் இதைக் கீறினேன்." ஒன்பதுக்கும் கீழே போடும். படத்தைப் பார்த்து அழுகிற சனம் உம்மையும் பார்க்கட்டும். உம்மோடு ஒரு கதிரையில் இருக்கக் கூசட்டும்.

புதுவருசத்துக்குள் செய்யாவிட்டால் மருந்துக் கொப்பியோடு நானே அருங்காட்சியகத்துக்குப் போவேன். பிரெஞ்சில் கதைக்க எனக்கு மகள் இருக்கிறாள்.

அக்னெஸ்

*

மொன்றியல்
2024 பெப்ரவரி 18

மச்சாள்,

நீங்கள் தந்த மூன்று வசனத்தையும் ஒரு சொல் மாற்றாமல் போட்டேன்.

கூடத்துப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது, வெளியே போ என்று சொல்லுவா என்றுதான் போனேன். சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவ போய் ஒன்பது படத்தையும் திரும்ப ஒருதரம் பார்த்தா. பிறகு, "இப்போதுதான் இது முழுமையாகியிருக்கிறது" என்றா. கண்காட்சியை மூன்று மாசத்துக்கு நீட்டினா.

சனிக்கிழமைகளில் சனம் பனிக்குள் வரிசையில் நிற்கிறது. ஒரு பத்திரிகை ஒரு முழுப் பக்கம் எழுதியது. என்னைக் கொடியவள் என்றது, படங்களைத் தவிர்க்கமுடியாதவை என்றது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிவந்து, கலைக்கு எல்லை உண்டா என்று படங்களுக்கு முன்னால் வைத்தே கேட்கிறார். அவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். ஒரு மனிதர் என் முகத்துக்கு நேரே கத்தினார். சுற்றி நின்றவர்கள் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து விலகி இடம் விட்டார்கள். நீங்கள் தண்டனை என்று அனுப்பியது, இந்தப் படங்களுக்கு இல்லாதிருந்த ஒன்றாகிவிட்டது. உங்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நானும் அது தண்டனையாக இருக்கும் என்றுதான் நம்பினேன்.

இனிக் கேட்கப்போவதற்கு என்னைத் திட்டுவீர்கள். அருங்காட்சியகத்தார் மருந்துக் கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள். பிரதி வேண்டாமாம், மூலம்தான் வேண்டுமாம். கண்ணாடிப் பெட்டிக்குள், படங்களுக்கு நடுவில் வைப்பார்கள். நான் எழுதாமல் விட்ட அந்த வெறும் இடம்தான் அவர்களுக்கு முக்கியம். தருவீர்களா?

இன்னொன்று. ஒன்பதாவது படத்தில் அண்ணையின் கண்ணைத் திரும்பப் போய்ப் பாருங்கள். அது என்னை மன்னித்த கண். நான் அதை நம்பித்தான் எழும்பி நடமாடுகிறேன். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் உங்கள் வாசலுக்கு வந்தேன். ஒவ்வொரு நாளும் கதவைப் பாதி திறந்து, "அவர் நித்திரை" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஒருதரம் கையைப் பிடித்து அண்ணை என்று கூப்பிட்டிருந்தால் எனக்குப் போதும். அதைத் தரவிடாமல் நின்றவர் நீங்கள்.

என் பிழை ஐம்பத்தொன்பது நிமிடம். உங்களுடையது பதினொரு நாள்.

யோசெப்பின்

*

லவால்
மார்ச் 3

யோசெப்பின்,

நிருஷா வேலை செய்கிற கார்டெறியில், அந்தச் சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைகள் படுத்திருக்கும் நேரத்தில், கூட வேலை செய்கிற பெண்கள் உம்முடைய படங்களைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். அந்த மனிசர் தன் தகப்பன் என்று இவள் சொல்லவில்லை. கழிப்பறைக்குள் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, மாமி படத்தைத்தான் போட்டவா. அப்பா கெஞ்சினவர் எண்டு ஊருக்கெல்லாம் எழுதுவிச்சது நீங்கள்."

அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் வைத்துவிடுகிறாள். நீர் அறிந்து சந்தோசப்படலாம்.

இப்போது பதினொரு நாளுக்கு வருகிறேன். இதைச் சொல்வதில்லை என்று இருந்தேன். அவர் அடக்கத்தில் நீர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறியபோதும் சொல்லவில்லை. போன கிழமைவரை எனக்கு உம்மில் இரக்கம் மிஞ்சியிருந்தது.

"அவர் நித்திரை" என்பது என்னுடைய வசனம் இல்லை. யூன் 21 பின்னேரம் நீர் போனதும் அவர் பென்சில் கேட்டார். ஒரு வெறும் தாளில் எழுதினார்: "அவளை இனி உள்ளை விடாதை. வந்தால் நான் நித்திரை எண்டு சொல்லு." ஏன் என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தான் உருக்குலைவதைத் தங்கச்சி பார்க்கக்கூடாது என்று நினைக்கிறார் போலும் என்று நானாக எடுத்துக்கொண்டேன். உமக்கு நோகக்கூடாது என்று அதை என்னுடைய பொய்யாகவே சொன்னேன். பதினொரு நாளும் நீர் என்னை முறைத்துக்கொண்டு திரும்பிப் போனீர். நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாசல் மணி அடித்தால் அவர் மூன்று விரலைத் தூக்குவார். யார் அடித்தாலும். றெஜினா அடித்தாலும், தபால்காரன் அடித்தாலும். வலது கை மட்டும் இல்லை, இரண்டு கையும். நோ கூடிவிட்டது என்று நான் ஊசி போட்டேன். றெஜினா வைத்தியரோடு கதைத்து அளவைக் கூட்டினா. உம்முடைய நவம்பர்க் கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது, அது நோ இல்லை, பயம். மணி அடித்தால் யோசெப்பின் வருகிறாள், வந்தால் மருந்து கிடைக்காது, அதற்கு முதல் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அந்த மனிசர் பயந்திருக்கிறார். நீர் ஒவ்வொரு நாளும் வந்து மணி அடித்தீர்.

அப்போது தொராண்டோவில் படித்துக்கொண்டிருந்த நிருஷா கடைசி மூன்று நாளும் அவர் பக்கத்தில் இருந்தாள். அவ்வளவு மருந்துக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை. "அப்பா, நான் வந்திட்டன்" என்று எத்தனை தரம் சொன்னாள் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. நான்தான் போட்டேன் அந்த ஊசிகளை. என் கையால் போட்டேன்.

ஒன்பதாவது படத்தை நான் திரும்பப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. முப்பத்தொரு வருசம் அந்தக் கண்ணைப் பார்த்து எழும்பினவள் நான். அதில் மன்னிப்பு இல்லை. உம்மை யாரென்று தெரியாத ஒருவர் உம்மைப் பார்க்கிறார்.

கொப்பியைத் தரமாட்டேன். அவர் எழுதிய தாளையும் நீர் காணமாட்டீர். அனுப்பினால் அதையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவீர். இனி எனக்கு எழுதவேண்டாம்.

அக்னெஸ்

*

மொன்றியல்
மார்ச் 24

மச்சாள்,

எழுதவேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

கடிதம் வந்த அன்று கூடத்துக்குப் போய் ஒன்பதாவது படத்தைக் கழற்றச் சொன்னேன். இப்போது அது அருங்காட்சியகத்துக்கு உரியது, என் சொல்லுக்குக் கழற்றமுடியாது என்றார்கள். நான் அதற்கு முன்னால் நின்றேன். நீங்கள் எழுதியதுபோலத்தான் இருக்கிறது. எப்படி எனக்குத் தெரியாமல் போனது? அதைக் கீறியது நான்தானே.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு மெதுவாகத் தள்ளிப் போனார்கள்.

அந்தத் தாளை நான் கேட்கவில்லை. அதை வைத்து ஒன்றும் கீறமாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதினேன், பிறகு அந்த வரியை வெட்டிவிட்டேன், என்னை எனக்கே தெரியாது. ஆனாலும் மூன்று கிழமையாக என்னால் வேறொன்றும் நினைக்கமுடியவில்லை. எழுத்து எப்படி இருந்தது? வரி சரிந்ததா, நேரே போனதா? "அவளை" என்ற சொல்லில் கை நின்றதா? பென்சிலை அழுத்தி எழுதியிருந்தால் தாளின் பின்பக்கத்தில் தடம் இருக்கும். விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

யோசெப்பின்